வீட்டுக்கு வந்து தெரபி செய்கிறவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்?

நீங்கள் எழுதியதை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன், தவறாக இருந்தால் திருத்துங்கள். தேவகோட்டையில் உங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, நாலு மாதத்துக்கு முன்னால் இடது பக்கம் வாதம் வந்தது. ஆத்தாவும் வேலைக்கு வரும் ஒரு அம்மாவும்தான் கூட இருக்கிறார்கள், நீங்கள் சிங்கப்பூரில். வாரம் ஐந்து நாள் ஒருவர் வீட்டுக்கு வந்து ‘ஓ.டி.’ (ஆக்குபேஷனல் தெரபி) செய்கிறார், அவர் அட்டையில் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருக்கிறது, இப்போது மூன்று மாதப் பணத்தை மொத்தமாக முன்கூட்டியே கேட்கிறார். “டாக்டர்களுக்கு மெடிக்கல் கவுன்சில் இருக்கிற மாதிரி இவர்களுக்கும் ஏதாவது இருக்கிறதா, இவர் அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?” என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, இந்த ஆள் படித்தவரா. இன்னொன்றை நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் வரிக்கு வரி அந்தப் பயம்தான் தெரிகிறது: நாளைக்கு ஏதாவது தப்பாகப் போனால் இவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்? முதல் கேள்விக்கு ஒரு சான்றிதழைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். இரண்டாவதைப் பற்றித்தான் விரிவாக எழுத நினைக்கிறேன்.

நான் காரைக்குடியில் 19 வருடமாக ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். அதில் பாதி நேரம் வீடு வீடாகப் போவதுதான்: கண்டனூர், கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், உங்கள் தேவகோட்டையும்தான். வக்கீல் இல்லை. சட்டத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் இந்தத் தொழிலில் இருக்கிறவன் தெரிந்து வைத்திருக்க வேண்டிய அளவுக்குத்தான். உங்கள் வீட்டுக்கு வருகிறவரை நான் பார்த்ததில்லை, அதனால் அவர் நல்லவர், மோசமானவர் என்று எதுவும் சொல்லப் போவதில்லை. மொத்தமாகப் பணம் கேட்பதும் அட்டையில் டாக்டர் போடுவதும் மட்டும் ஒருவரை மோசடிக்காரர் ஆக்கிவிடாது.

ஓ.டி. என்றால் பிசியோவுக்கு இன்னொரு பெயர் என்று நம்ம பக்கம் நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. கைகால் அசைவும் பலமும் பிசியோவின் முதல் கவலை. அந்தக் கையை வைத்துக்கொண்டு வேட்டி கட்ட முடியுமா, சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியுமா, நிலைப்படி தாண்டிப் பின்கட்டுக் குளியலறைக்குப் போய் வர முடியுமா என்பது எங்கள் கவலை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வருகிறவர் ஒரு மணி நேரமும் கையை நீட்டி மடக்கிவிட்டு மட்டும் போகிறார் என்றால், அவர் என்ன படித்தவர் என்று கேட்க உங்களுக்குக் காரணம் இருக்கிறது.

சரி, கவுன்சில் விஷயம். இதில் ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும், படித்தவர்களே இதில் ஏமாந்துபோகிறார்கள். சங்கம் வேறு, ஒழுங்குமுறைக் கவுன்சில் வேறு. கடைவீதியில் வியாபாரிகள் சங்கம் இருக்கும், அது கடைக்காரர்களின் நலனுக்காக. அதே கடைவீதிக்குக் குறித்த காலத்துக்கு ஒரு முறை எடைக்கல்லையும் தராசையும் சோதித்து முத்திரை வைக்கிற அதிகாரியும் வருவார், அவர் வாங்க வருகிறவர்களுக்காக. இருவரும் ஒரே கடைக்குள் நுழைகிறார்கள், ஆனால் ஆள் வேறு, வேலை வேறு. எங்கள் தொழிலில் அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் சங்கம் 1952-லிருந்து இருக்கிறது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1950-ல் இந்தத் தொழிலுக்கு நாட்டின் முதல் பள்ளியைத் தொடங்கிய கமலா நிம்ப்கர் அம்மையாரின் முயற்சியில் வளர்ந்த சங்கம். ஓ.டி.க்கான உலகக் கூட்டமைப்பைத் தொடங்கியபோதே அதில் இந்தியாவும் இருந்தது. எனக்கு அந்தச் சங்கத்தின் மேல் பெரிய மரியாதை உண்டு, படிப்பின் தரத்தைப் பல பத்தாண்டுகள் தாங்கிப் பிடித்ததே அதுதான். ஆனாலும் அது சங்கம். உறுப்பினர் தப்புச் செய்தால் உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கலாம், மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல நோயாளி வீட்டுக்குப் போவதை அதனால் தடுக்க முடியாது. அதைத் தடுக்கிற அதிகாரம் சட்டத்தால் வர வேண்டும்.

அந்த அதிகாரம் முழுதாக இருக்கும் இடங்களில் காரியம் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் நம் நிலைமை தெளிவாகும். பிரிட்டனில் சுகாதார மற்றும் பராமரிப்புத் தொழில்களுக்கான கவுன்சில் என்று ஒன்று, 15 தொழில்களைச் சேர்த்துப் பார்க்கிறது, ஓ.டி. அதில் ஒன்று. அங்கே ‘ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்’ என்ற பட்டப் பெயரே சட்டத்தின் காவலில் இருக்கிறது, பதிவேட்டில் பெயர் இல்லாதவர் அப்படிச் சொல்லிக்கொண்டால் அதுவே குற்றம். பதிவேடு இணையத்தில் திறந்து கிடக்கிறது, யாரும் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அப்போது ஒவ்வொரு தொழிலிலும் 2.5 சதவீதம் பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து, இந்த இரண்டு வருடத்தில் என்ன புதிதாகக் கற்றாய், அதனால் உன் நோயாளிக்கு என்ன பலன் என்று ஆதாரத்தோடு எழுதித் தரச் சொல்கிறார்கள். புகார் வந்து விசாரணைவரை போனால், விசாரிக்கும் குழுவில் அதே தொழிலைச் சேர்ந்த ஒருவரும் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத பொதுமக்களில் ஒருவரும் கட்டாயம் இருப்பார்கள். எச்சரிக்கை, நிபந்தனையோடு வேலை, ஒரு வருடம்வரை இடைநீக்கம், பதிவேட்டிலிருந்தே பெயர் நீக்கம் என்று தண்டனை படிப்படியாகப் போகும். பெயர் நீக்கப்பட்டவர் ஐந்து வருடத்துக்குத் திரும்ப விண்ணப்பிக்கவே முடியாது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருப்பதைக் ‘காலேஜ்’ என்கிறார்கள், பாடம் நடத்தும் கல்லூரி இல்லை, ஒழுங்குமுறை அமைப்புக்கே அந்தப் பெயர். 1991-ம் வருடச் சட்டங்களின் கீழ் நடக்கிறது. என்னோடு படித்த ஒருத்தி அங்கே வேலை பார்க்கிறாள், அவளிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதில் எனக்கு மிகவும் பிடித்தது புகார் நடைமுறைதான். புகார் வந்த 14 நாளுக்குள் தெரபிஸ்டுக்குத் தெரிவிக்க வேண்டும், பதில் எழுத அவருக்குக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். குழு எல்லாவற்றையும் தண்டனையாகவே முடிப்பதில்லை. கவனக்குறைவுதான், கெட்ட எண்ணம் இல்லை என்றால் நேரில் கூப்பிட்டு எச்சரிக்கலாம், அல்லது இன்ன பயிற்சியை முடித்துவிட்டு வா என்று உத்தரவு போடலாம். கடுமையானதாக இருந்தால் மட்டும் ஒழுங்கு விசாரணைக்கு அனுப்புவார்கள். முடிவு சரியில்லை என்று புகார் கொடுத்தவர் நினைத்தால், இந்தக் காலேஜுக்குச் சம்பந்தமில்லாத வேறு ஒரு மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். நோயாளியோடு பாலியல் உறவு என்றால் பேச்சே கிடையாது, சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகாதவரை அவர் நோயாளியாகவே கருதப்படுவார், “அவங்க சம்மதிச்சாங்க” என்பது எடுபடாது.

இதில் உங்கள் அப்பச்சிக்கு நேராகப் பொருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இடது பக்க வாதம் என்றால் மூளையின் வலது பாதி அடிபட்டிருக்கிறது. அப்படிப்பட்டவர்களில் பலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்தில் வராது, தட்டில் இடது பாதிச் சோறு அப்படியே இருக்கும், இடது கை நாற்காலிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருப்பதே தெரியாது. சிலருக்குத் தனக்கு வாதம் வந்திருப்பதே உறைக்காது, “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்பார்கள். அவர் பொய் சொல்லவில்லை, பிடிவாதமும் இல்லை, மூளை அப்படிச் சொல்கிறது. இந்த நிலையில் இருப்பவரிடம் போய், தெரபி எப்படி நடக்கிறது, திருப்தியா என்று கேட்டால் சரியாகச் சொல்ல முடியுமா? அதனால்தான் இந்த மாதிரி கவுன்சில்களில் புகாரை நோயாளிதான் கொண்டுவர வேண்டும் என்று வைத்திருக்கவில்லை. மகள் சொல்லலாம், சமையல் செய்கிற அம்மா சொல்லலாம், கூட வேலை பார்க்கும் இன்னொரு தெரபிஸ்ட் சொல்லலாம். தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாதவர்கள்தான் எங்களிடம் வருகிறார்கள் என்பதை அறிந்து வைத்த ஏற்பாடு இது.

இந்தியாவில் இந்த வேலை மாநிலத்துக்கு மாநிலம் துண்டு துண்டாகத்தான் தொடங்கியது. டெல்லி 1997-ல் பிசியோவுக்கும் ஓ.டி.க்கும் சேர்த்து ஒரு கவுன்சில் சட்டம் போட்டது, மகாராஷ்டிரம் 2002-ம் வருடச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. மற்ற பெரும்பாலான இடங்களில் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம் என்ற நிலைமைதான் நீண்ட காலம். 2021 மார்ச்சில்தான் மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களுக்கும் சுகாதாரத் தொழில்களுக்குமான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் பத்துப் பிரிவுகள், ஆக்குபேஷனல் தெரபிக்கு அதில் தனிப் பிரிவே இருக்கிறது. மேலே தேசிய ஆணையம், ஒவ்வொரு மாநிலத்திலும் மாநிலக் கவுன்சில். படிப்பின் தரம், பதிவேடு, தொழில் ஒழுக்கம், தப்புச் செய்தவரின் பெயரை விசாரித்து நீக்குவது எல்லாம் இவர்கள் பொறுப்பு. பதிவு இல்லாமல் தொழில் செய்யக் கூடாது, பதிவு பெற்றவன் என்று பொய் சொன்னால் முதல் தடவை 50,000 ரூபாய்வரை அபராதம். இதெல்லாம் உறுதியாகச் சொல்லலாம், சட்டப் புத்தகத்தில் இருப்பது.

உறுதியில்லாதது எது என்றால், காகிதத்தில் இருக்கிற இந்த அதிகாரம் தரைக்கு வந்து சேர்கிற வேகம். பல மாநிலங்கள் கவுன்சில் அமைக்காமலே நாளைக் கடத்தின, அமைத்தவையும் பெயரளவில் இருந்தன. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, இரண்டு மாதத்துக்குள் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள் என்று மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே இந்தக் காலத்தில் ஒருவருக்கு மாநிலப் பதிவு எண் இல்லை என்பதால் மட்டும் அவரைப் போலி என்று முடிவு கட்டாதீர்கள், முறையாகப் படித்த நல்ல தெரபிஸ்டுகள் பலர் இத்தனை வருடமும் பதிவு செய்ய இடமே இல்லாமல்தான் வேலை பார்த்தார்கள், நானும் அப்படித்தான். எண் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். எந்த அமைப்பின் எண் என்று கேளுங்கள். சங்க உறுப்பினர் எண்ணையே அரசுப் பதிவு எண் மாதிரி காட்டுகிறவர்கள் உண்டு, சிலர் தெரியாமலே அப்படிச் செய்கிறார்கள். இன்னொரு குழப்பம், மறுவாழ்வுக் கவுன்சில். 1992-ம் வருடச் சட்டத்தின் கீழ் வருவது, பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் போன்றவர்கள் அங்கே பதிவு செய்கிறார்கள். அந்த எண்ணைக் காட்டி ஒருவர் ஓ.டி. செய்கிறேன் என்றால், அவர் படித்தது வேறு எதையோ.

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்து நாலைந்து வருடம் இருக்கும், புதுவயல் பக்கம் ஒரு ஆச்சியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். வாதம் வந்து ஆறு மாதம். அதுவரை ஒருவர் வந்துகொண்டிருந்தார், ஏதோ ஒரு மையத்தில் உதவியாளாக இருந்துவிட்டு வெளியே வந்து தானே தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொண்டவர். பட்டாலை என்கிற கூடத்தின் உத்தரத்தில் கயிறு கட்டி, கப்பி போட்டு, விளங்காத கையை அதில் மாட்டி, நல்ல கையால் கீழே இழுக்க வைத்திருந்தார். தினமும் நூறு தடவை. வாதம் வந்த தோளில் தசைக்குப் பிடிமானமே இருக்காது, எலும்பு குழியிலிருந்து கொஞ்சம் இறங்கித் தொங்கும், அந்தக் கையைத் தலைக்கு மேல் கப்பியில் இழுத்தால் தோளுக்குள் இருப்பதெல்லாம் நசுங்கும். இந்தக் கப்பியைக் கட்டாதே என்பது எங்களுக்கு மாணவர்களாக இருக்கும்போதே சொல்லித் தருவது. ஆச்சிக்கு ராத்திரி முழுக்கத் தோள்வலி. வலிக்கிறது என்று சொன்னால், வலித்தால்தான் கை வரும் என்று பதில். நான் போனபோது அந்தக் கையை யாரும் தொடவே விடவில்லை, நான் பக்கத்தில் உட்கார்ந்ததுமே முந்தானையால் கையை மூடிக்கொண்டார். எலும்பு மெல்ல மெல்ல ஓரளவுக்குச் சரியாக வந்தது, பயம் போகவே ரொம்ப நாள் ஆனது. அவர் மகன் என்னிடம் கேட்டார், “இந்த ஆள் மேல யார்கிட்ட புகார் கொடுக்கிறது?” என்னால் ஒரு முகவரி சொல்ல முடியவில்லை. அந்த ஆள் அதற்குப் பிறகும் பக்கத்து ஊர்களில் போய் வந்துகொண்டுதான் இருந்தார், எத்தனை வீட்டில் கப்பி கட்டினாரோ.

போலிகளால் மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்காதீர்கள். பட்டம் வாங்கியவர்களும் எல்லை தாண்டுவார்கள், அதுவும் நம் ஊர் வீடுகளில் அதற்கு வாய்ப்பு அதிகம். இவ்வளவு பெரிய வீடு, பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், வயதான இரண்டு பேர், வாரம் ஐந்து நாள் உள்ளே வந்து போகிறவர் தெரபிஸ்ட் மட்டும்தான். அவர்தான் மருந்து வாங்கித் தருவார், பேங்குக்குக் கூட்டிப் போவார், கரண்ட் பில் கட்டுவார். அன்பாகத்தான் தொடங்கும். ஒரு வீட்டில் தெரபிக்கு வந்த ஒருவர் பெரியவரிடம், இந்தப் பர்மாத் தேக்குப் பீரோ, எனாமல் தூக்குச் சட்டியெல்லாம் சும்மா கிடந்து வீணாகிறதே என்று பேசிப் பேசி, முனீஸ்வரன் கோயில் தெருவில் தெரிந்த பழம்பொருள் கடைக்காரர் மூலம் விற்றுக் கொடுத்திருக்கிறார், நடுவில் தனக்கு ஒரு பங்கும் எடுத்துக்கொண்டிருக்கிறார். திருட்டு என்று போலீசிடம் போக முடியாது, பெரியவர் தானே சம்மதித்துக் கொடுத்தது. ஆனால் ஒரு கவுன்சில் இருந்து அதற்கு ஒழுக்க விதி இருந்தால் இது நேராக அதில் மாட்டும்: உன்னைச் சார்ந்திருக்கும் நோயாளியோடு பணக் கொடுக்கல் வாங்கல் வைக்காதே, பெரிய பரிசு வாங்காதே, உன் லாபமும் அவர் நலமும் மோதுகிற இடத்தில் நிற்காதே. போலீசும் கோர்ட்டும் பிடிக்க முடியாத இந்த நடுப்பகுதிக்குத்தான் தொழில் ஒழுங்குமுறை தேவைப்படுகிறது. என் வரையில், காபியும் பலகாரமும் தவிர எதையும் வாங்குவதில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுவேன், கோபித்துக்கொண்டவர்களும் உண்டு.

அப்புறம், திறமை பழசாகிப்போவது. இதில் என்னையே உதாரணமாகச் சொல்கிறேன். நான் படித்த காலத்தில் தெரபிஸ்ட் தன் கையால் நோயாளியின் உடம்பைப் பிடித்துச் சரியான அசைவை உணர்த்துவதுதான் பெரிய வித்தை. வருடக்கணக்கில் அதையே செய்தேன், செய்ததில் பெருமையும் இருந்தது. அதற்குள் ஆராய்ச்சிகள் வேறு பக்கம் போய்விட்டன. நோயாளி எந்தக் காரியத்தைச் செய்ய வேண்டுமோ அதே காரியத்தை, அவர் முயற்சியால், நிறையத் தடவை செய்ய வைப்பதுதான் அதிகப் பலன் தருகிறது என்று தெளிவாகிக்கொண்டே வந்தது. டம்ளரை எடுக்க வேண்டுமா, டம்ளரை எடுத்துப் பழகு. எனக்கு இது ஒரு பயிலரங்கில் தற்செயலாகத் தெரிய வந்தது. அதற்கு நான் போகாமல் இருந்திருந்தால் இன்றும் பழையபடியே கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்ன கற்றாய் என்று கேட்கிற அமைப்பு ஒன்று அன்று இருந்திருந்தால், அந்த இடைப்பட்ட வருடங்களில் என்னிடம் வந்தவர்களுக்கு இன்னும் நன்றாகச் செய்திருப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். அவரிடம் மரியாதையாக, நேரடியாகக் கேளுங்கள்: என்ன படிப்பு, எந்தக் கல்லூரி, எந்தப் பல்கலைக்கழகம், எந்த வருடம். ஓ.டி. பட்டப்படிப்பு என் காலத்தில் பயிற்சிக் காலத்தோடு நாலரை வருடம், உலகக் கூட்டமைப்பின் விதிப்படி அதில் குறைந்தது 1,000 மணி நேரமாவது நோயாளிகளோடு களப்பயிற்சி இருக்க வேண்டும். ஆறு மாதச் சான்றிதழ், ஆன்லைன் டிப்ளமோ என்று காட்டினால் அது இந்தப் படிப்பு இல்லை. சான்றிதழ் நகலைக் கேட்டால் முறையாகப் படித்தவர் வருத்தப்பட மாட்டார், எங்களுக்கு அது பழக்கம். டாக்டர் என்ற முன்னொட்டை வைத்து எந்தப் பக்கமும் முடிவு செய்யாதீர்கள், பிசியோவும் ஓ.டி.யும் அதைப் போடலாமா கூடாதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் “நீங்கள் எம்.பி.பி.எஸ். டாக்டரா?” என்று கேட்டால் இல்லை என்று தெளிவாகச் சொல்கிறாரா என்று பாருங்கள், மழுப்பினால் அது நல்லதில்லை.

அதைவிட முக்கியம், எழுத்து. முதல் நாள் பார்த்த நிலை என்ன, இப்போது என்ன, அடுத்த ஆறு வாரத்தில் எதை எட்டப் பார்க்கிறோம் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். பார்தெல் இன்டெக்ஸ் (Barthel Index) என்று ஒரு அளவுகோல் இருக்கிறது, சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை, படி ஏறுவது என்று பத்து விஷயத்துக்கு 100 மதிப்பெண். ஓ.டி. படித்த எவருக்கும் அது தெரியும், பத்து நிமிடத்தில் போட்டுத் தந்துவிடலாம். கை பலம் முன்னேறியிருக்கிறது என்று எழுதினால் போதாது, தானாக வேட்டி கட்டுகிறார், வளவிலிருந்து (உள்முற்றத்திலிருந்து) முகப்புவரை ஒருவர் துணையோடு நிலைப்படி தாண்டி வருகிறார் என்று எழுதும்படி கேளுங்கள். தேதி போட்ட இந்தக் காகிதங்கள் நல்ல தெரபிஸ்டுக்கு வழிகாட்டி, நாளைக்குப் புகார் என்று வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சியும் அதுதான். எங்கே புகார் கொடுத்தாலும் முதலில் கேட்பது இதைத்தான். பணத்தை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று கொடுங்கள், ரசீது வாங்குங்கள், பேங்க் வழியாக அனுப்புங்கள். மூன்று மாதம் மொத்தமாகக் கொடுக்க எந்த மருத்துவக் காரணமும் இல்லை. வாதம் வந்தவருக்கு ஆறு வாரத்துக்குப் பிறகு திட்டமே மாற வேண்டியிருக்கலாம்.

தப்பு நடந்துவிட்டால் எங்கே போவது? மாநிலக் கவுன்சிலுக்கு எழுத்தில் புகார் அனுப்பலாம், தேசிய ஆணையத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். வருகிறவர் ஒரு மையத்தின் சார்பில் வருகிறார் என்றால், தனியார் மருத்துவ நிறுவனங்களுக்கான தமிழ்நாட்டுச் சட்டம் 1997-லிருந்து இருக்கிறது, மாவட்டச் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநரிடம் அந்த மையத்தைப் பற்றிக் கேட்கலாம். பணம் கொடுத்து வாங்கிய சேவை என்பதால் நுகர்வோர் ஆணையமும் உண்டு, சிவகங்கையில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம் என்பதால் சிங்கப்பூரில் இருந்தபடியே தொடங்கலாம். இந்த இடங்கள் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. நுகர்வோர் ஆணையம் உங்கள் நஷ்டத்தைப் பார்க்கும், கவுன்சில் அடுத்த வீட்டு ஆச்சியைப் பார்க்கும். அடித்தல், தவறாகத் தொடுதல், மிரட்டிப் பணம் பறித்தல் என்றால் எந்தக் கவுன்சிலுக்கும் காத்திருக்காதீர்கள், அது நேராகப் போலீஸ்.

பதிவு இருந்தால் எல்லாம் நன்றாக நடக்கும் என்று நான் சொல்லவில்லை. பதிவேடு, இந்த ஆள் குறைந்தபட்சம் இதைப் படித்திருக்கிறார், தப்புச் செய்தால் கூப்பிட்டுக் கேட்க ஒரு இடம் இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். பொறுமை, கைப்பக்குவம், பெரியவரிடம் பேசும் விதம் எல்லாம் அதில் எழுதியிருக்காது. உங்கள் அப்பச்சிக்கு எவ்வளவு திரும்ப வரும் என்பதையும் எந்தப் பதிவு எண்ணும் சொல்லாது, நானும் பார்க்காமல் சொல்ல மாட்டேன். முழுசாகச் சரியாகிவிடும் என்று தேதி குறித்து யாராவது உத்தரவாதம் கொடுத்தால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

நாளைக்கு அவர் வரும் நேரத்தில் ஆத்தாவை வீடியோ காலில் இருக்கச் சொல்லுங்கள். மூன்று விஷயம் பாருங்கள். அப்பச்சி உட்கார்ந்திருக்கும்போது இடது முன்கை ஒரு தலையணை மேலோ பலகை மேலோ தாங்கலோடு இருக்கிறதா, இல்லை தொங்குகிறதா. அவரைத் தூக்கி நிறுத்தும்போது இடது கையையோ அக்குளையோ பிடித்து இழுக்கிறார்களா, அது கூடவே கூடாது, ஆத்தாவும் வேலைக்கு வரும் அம்மாவும்கூட அப்படிச் செய்யக் கூடாது. மூன்றாவது, கிணற்றடிப் பக்கமோ குளியலறைக்குப் போகிற வழியிலோ ஆத்தங்குடிக் கல் தரை ஈரமாக இருக்கிறதா, வழியில் இருக்கும் நிலைப்படிகளின் இடது ஓரத்தில் பளிச்சென்று நிறத்தில் ஒரு பட்டை ஒட்டியிருக்கிறதா. அந்தப் பட்டையை வருகிறவர் ஏற்கெனவே ஒட்டியிருந்தால், உங்கள் வீட்டை அவர் ஓ.டி.யின் கண்ணால் பார்த்திருக்கிறார். ஒட்டவில்லை என்றால் இன்றைக்கே கடையில் சிவப்பு டேப் ஒரு சுருள் வாங்கி ஒட்டச் சொல்லுங்கள், சான்றிதழ் விசாரணையெல்லாம் அதற்குப் பிறகு நடக்கட்டும்.